நோயாளி இருக்கும் வீட்டில் செல்லப்பிராணிக்குப் பச்சை இறைச்சி தரலாமா?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த ஒருவரின் மகள், சில மாதங்களுக்கு முன் புறநோயாளிப் பிரிவில் என்னைப் பார்க்க வந்தார். அறுவைக்குப் பின் உட்கொள்ள வேண்டிய மருந்துகள், உணவுக் கட்டுப்பாடு, அப்பாவுக்கான தனி அறை என எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். எழுந்து செல்லும் நேரத்தில் சற்றுத் தயங்கி, "டாக்டர், வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அப்பாவுக்கு அதன்மேல் உயிர். அதை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்டார்.

"கொடுக்க வேண்டியதில்லை" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அதற்கு என்ன உணவு தருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பச்சைக் கோழிதான் டாக்டர். எலும்பு, ஈரலோடு எடை பார்த்துத் தருகிறோம். பாரிசில் இருக்கும் அண்ணன்தான் இந்த முறையைச் சொல்லித்தந்தார். ஓராண்டாக நாய்க்கு ஒரு குறையும் இல்லை."

அந்த இறைச்சியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவின் உணவு இருக்கும் அதே குளிர்பதனப் பெட்டியில். எங்கே கழுவுகிறீர்கள்? சமையலறைத் தொட்டியில். நாய் எங்கே உண்கிறது? கூடத்தில், அப்பாவின் நாற்காலி அருகில். அன்று அந்தக் குடும்பத்துடன் அரைமணி நேரம் பேசியதன் விரிவே இக்கட்டுரை.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோரின் இல்லங்கள் பலவற்றில் நாயோ பூனையோ இருக்கிறது. மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்த ஒருவருக்கு அவ்வுயிர் தரும் துணை எளிதில் ஈடுசெய்யக்கூடியதன்று. விலங்கை வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள் என்று அறிவுறுத்துவது எளிது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவை இல்லை. விலக்க வேண்டியது அதன் தட்டில் இருக்கும் பச்சை இறைச்சியை மட்டுமே.

இந்த உணவு முறை எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் வீட்டு நாய்க்குச் சோறுதான் உணவாக இருந்து வந்தது. வீட்டில் மிஞ்சிய சோறு, குழம்பு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு என்பதே அதன் பங்கு. கோழிக்கடையில் காலும் தலையும் குறைந்த விலைக்கு வாங்கி, அரிசியோடு சேர்த்து வேகவைத்து ஊற்றும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. பின்னர் பைகளில் அடைத்து விற்கப்படும் உலர் உணவு வந்தது. பச்சை இறைச்சி முறை இவ்விரண்டுக்கும் பிந்தியது.

1993ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் வெளியிட்ட நூலொன்று இம்முறையை உலகெங்கும் பரப்பியது. நாயின் மூதாதை ஓநாய். ஓநாய் சமைத்து உண்பதில்லை. ஆகவே நாய்க்கும் பச்சை இறைச்சியும் பச்சை எலும்புமே இயற்கையான உணவு என்பது அவர் வாதத்தின் சுருக்கம். 'பார்ஃப்' என்ற பெயரில் வழங்கும் இம்முறையில் பல வகைகள் உண்டு. நூறு பங்கில் 80 பங்கு தசை இறைச்சி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் என்பது பலர் பின்பற்றும் கணக்கு.

இதைப் பின்பற்றுவோர் தம் விலங்கின்மீது மிகுந்த அன்பு கொண்டவர்கள். ரோமம் பளபளக்கிறது, மலம் குறைவாகவும் இறுக்கமாகவும் வருகிறது, நாய் விருப்பத்தோடு உண்கிறது என்று அவர்கள் கூறுவது பெரும்பாலும் உண்மையே. உணவில் கொழுப்பு மிகுந்தால் ரோமம் பளபளக்கும். நார்ப்பொருள் குறைந்து, செரிக்கும் பங்கு கூடினால் மலம் குறையும். இந்நன்மைகள் இறைச்சியின் தன்மையால் வருபவை. பச்சையாக இருப்பதனால் வருபவை அல்ல. அதே இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தாலும் இவற்றைப் பெறலாம்.

ஓநாய் வாதத்துக்கும் ஒரு விடை உண்டு. 2013இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு, நாய்களையும் ஓநாய்களையும் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருப்பதை அது காட்டியது. மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் உடல் நம் சோற்றுக்கும் பழகிவிட்டது.

'சமச்சீர்' என்ற சொல் எதைக் குறிக்கிறது?

"நாங்கள் கண்டபடி கொடுக்கவில்லை டாக்டர், சமச்சீராகத்தான் கொடுக்கிறோம்" என்று பலர் சொல்வதுண்டு. சமச்சீர் உணவு என்பது விலங்கின் வயதுக்கும் எடைக்கும் வேண்டிய புரதம், கொழுப்பு, தாதுக்கள், வைட்டமின்கள் யாவும் உரிய அளவில் அமைந்த உணவு. இதை வீட்டில் அடைவது நாம் நினைப்பதைவிடக் கடினம்.

கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். நாயின் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்று முதல் இரண்டு பங்குவரை இருத்தல் வேண்டும். எலும்பில்லாத இறைச்சியிலோ பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. வெறும் இறைச்சியை மட்டுமே உண்டு வளரும் குட்டியின் உடல், குறையை ஈடுசெய்யத் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலியும்; குட்டி நொண்டும்; சிறு தாவலிலும் எலும்பு முறியும். மறுபுறம், ஈரலை நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் வைட்டமின் 'ஏ' அளவுக்கு மீறிச் சேரும். அவ்வாறு வளர்க்கப்பட்ட பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டது.

ஜெர்மனியில் நாய் வளர்ப்போர் வீட்டில் தயாரித்த 95 பச்சை உணவுத் திட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் 60 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்து பெரிதும் குறைந்தோ மிகுந்தோ இருந்தது. இந்த ஆய்வு வெளிவந்தது 2011இல். அக்கறையோடு எடைபோட்டுத் தயாரித்தவர்களின் நிலையே இது.

கால்நடை மருத்துவரின் துணையோடு இக்கணக்கைச் சரிசெய்துவிடலாம். அப்போதும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சமச்சீர் என்பது சத்துக் கணக்கு. கிருமிக் கணக்கு வேறு. சத்தில் குறையற்ற பச்சை உணவும் கிருமியற்ற உணவு ஆகிவிடாது. நோயாளி இருக்கும் வீட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது கணக்கையே.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே?

கடையில் வாங்கும் பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற குடல் கிருமிகள் இருப்பது வியப்புக்குரியதன்று. கோழியின் குடலில் அவை இயல்பாகவே வாழக்கூடியவை. அறுத்துச் சுத்தம் செய்கையில் இறைச்சியில் ஒட்டிக்கொள்கின்றன. நாம் குழம்பு வைத்து உண்பதால் அவை அடுப்பிலேயே மடிகின்றன. நாயின் தட்டில் வைக்கும்போது அடுப்பு என்னும் அந்தக் காவல் இல்லாமல் போகிறது.

நலமாக உள்ள நாய் இக்கிருமிகளை விழுங்கினாலும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. ஆபத்து இங்கேதான் மறைந்திருக்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், சால்மொனெல்லா கலந்திருந்த பச்சை உணவை 16 நாய்கள் ஒருவேளை உண்டன. அடுத்த ஒரு வாரத்துக்குள் அவற்றில் 7 நாய்களின் மலத்தில் அக்கிருமி வெளிவந்தது. ஒரு நாய்க்குக்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை. "நாய் நன்றாகத்தானே இருக்கிறது" என்பது ஆகவே வீட்டிலுள்ளோருக்குப் பாதுகாப்புச் சான்று ஆகாது.

அக்கிருமி நோயாளியை அடையும் வழிகள் பல. உண்டு முடித்த வாயால் நாய் கையையும் முகத்தையும் நக்குகிறது. தன் ரோமத்தையும் அதே நாவால் நக்கிக்கொள்கிறது. அந்த ரோமத்தை நாம் தடவுகிறோம். இறைச்சியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், அருகில் வைத்திருக்கும் தக்காளி, கொத்தமல்லிமீது படுகிறது. தட்டில் இருந்து இறைச்சித் துண்டைத் தரைக்கு இழுத்துப்போட்டு உண்பது நாயின் இயல்பு. அத்தரையில்தான் பேரக்குழந்தை தவழ்கிறது.

தட்டை நன்கு கழுவிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சால்மொனெல்லா கலந்த இறைச்சியை நாய்த்தட்டுகளில் வைத்துச் செய்த சோதனையில், சோப்பால் தேய்த்துக் கழுவியும், வெளுப்பு நீரில் ஊறவைத்தும்கூடச் சில தட்டுகளில் கிருமி எஞ்சியிருந்தது. உறையவைத்தால் போதாதா? உறைநிலையில் சில புழுக்களும் ஒட்டுண்ணிகளும் மடியும். பாக்டீரியாக்கள் உறங்குமே தவிர மடிவதில்லை. பனி இளகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும்.

கடையில் உறையவைத்து விற்கப்படும் பச்சைச் செல்லப்பிராணி உணவும் இதற்கு விலக்கன்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், அத்தகைய 196 மாதிரிகளைப் பரிசோதித்தது. 15 மாதிரிகளில் சால்மொனெல்லாவும் 32 மாதிரிகளில் லிஸ்டீரியா என்னும் கிருமியும் இருந்தன. லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது; கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவையும், எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கவல்லது.

பிற நாடுகளில் நடந்தவை

2017ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'இ.கோலை ஓ157' என்னும் கொடிய குடல் கிருமியால் நால்வர் ஒரே காலத்தில் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் மூவருக்கு, பச்சை இறைச்சி உண்ணும் நாய்களோடு தொடர்பு இருந்தது. குறிப்பாக, நாம் குடல், போட்டி என்று வாங்கும் விலங்கின் இரைப்பையைப் பச்சையாகக் கொடுத்திருந்தார்கள். நால்வரில் ஒருவர், அக்கிருமியின் நச்சால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார்.

2019இல் அமெரிக்காவில் நாய்கள் மென்று விளையாடுவதற்காக விற்கப்பட்ட உலர்ந்த பன்றிக் காதுகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா நோய் 34 மாநிலங்களில் 154 பேரைத் தாக்கியது. உலர்த்தியது எல்லாம் வெந்தது ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. நம் கடைகளில் தொங்கும் உலர் காது, தோல், குளம்பு ஆகியவற்றையும் பச்சை இறைச்சியாகவே கருதுங்கள்.

ஆட்டு ஈரலும் நீர்க்கட்டியும்

நம் நாட்டுக்கு நெருக்கமான ஆபத்து ஒன்றும் உண்டு. ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரங்களில் நீர் நிறைந்த கட்டிகள் காணப்படும். விற்பனைக்கு உதவாது என்று அத்துண்டுகளை வெட்டி நாய்க்கு எறிவது வழக்கம். அக்கட்டிக்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவாக வளர்ந்து, மலத்தோடு முட்டைகளை வெளியிடுகிறது. அழுக்குக் கையாலோ கழுவாத கீரையாலோ அம்முட்டை மனிதர் வயிற்றுக்குள் சென்றால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். 'ஹைடாடிட்' கட்டி என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதப்படுவது இதுவே. பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

இந்நோய் ஒருகாலத்தில் ஐஸ்லாந்து நாட்டை வாட்டியது. 1863இல் அங்கு சென்ற டென்மார்க் அறிஞர் ஹரால்டு கிராப், நாய்களை ஆராய்ந்து நோயின் வழியைக் கண்டார். ஆட்டின் உள்ளுறுப்புகளை நாய்க்குப் பச்சையாக எறியாதீர்கள் என்று எளிய நடையில் ஒரு சிறு கையேடு எழுதப்பட்டு மக்களிடம் பரப்பப்பட்டது. பின்னர்ச் சட்டங்களும் வந்தன. இன்று அந்நாட்டில் அந்நோய் ஒழிந்துவிட்டது. இதற்கென விலையுயர்ந்த மருந்து எதுவும் அன்று இருக்கவில்லை. நாயின் உணவை மாற்றியதே பெருமளவில் அந்நாட்டைக் காத்தது.

பூனை வளர்ப்போர் கவனத்துக்கு

நாயைப்போல் அல்லாமல் பூனை முற்றிலும் இறைச்சி உண்ணும் விலங்கு. சோறும் பாலும் மட்டும் அதற்குப் போதா. டாரின் என்னும் சத்து பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாதது. இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே அது போதிய அளவு கிடைக்கிறது. டாரின் குறைவால் பூனைகளின் இதயம் வீங்கித் தளர்வதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். ஆகவே பூனைக்கு இறைச்சியை நிறுத்திவிடாதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். டாரின் நீரில் கரைவது என்பதால், வெந்த நீரைக் கொட்டிவிடாமல் உணவோடு சேர்த்துத் தர வேண்டும்.

புதுச்சேரியின் கடலோரக் குப்பங்களிலும் மீன் அங்காடிகளின் அருகிலும் பூனைக்குப் பச்சை மீன் எறிவது அன்றாடக் காட்சி. மத்தி, நெத்திலி போன்ற மீன்களில் வைட்டமின் 'பி1'ஐச் சிதைக்கும் நொதி ஒன்று உள்ளது. பச்சையாக அவற்றையே தொடர்ந்து உண்ணும் பூனை, தலை தொங்கி, நடை தள்ளாடி, வலிப்புக் காண நேரிடும். மீனை வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும்.

பச்சை இறைச்சி உண்ணும் பூனைக்கு 'டாக்சோபிளாஸ்மா' என்னும் ஒட்டுண்ணியும் தொற்றலாம். அதன் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளிவந்து, ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குள் மனிதருக்குத் தொற்றும் நிலையை அடைகின்றன. கருவுற்ற பெண்களும் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் பூனையின் மலத்தட்டைத் தொடாதிருப்பதும், மற்றவர் அதை நாள்தோறும் அகற்றுவதும் இதனால்தான்.

பறவைக் காய்ச்சலும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாக்பூரின் கோரேவாடா மறுவாழ்வு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 கிருமியால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் இக்கிருமி கண்டறியப்பட்டது. பூனை இனத்துக்கு இது கொடிய நோய். பச்சைக் கோழியைத் தவிர்ப்பது பூனையின் உயிருக்கும் காவல்.

யாருடைய வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்?

நலமானவர்களுக்குச் சால்மொனெல்லா தொற்றினால் சில நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து நீங்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் அதே கிருமி குடலைக் கடந்து குருதியில் கலந்து, எலும்பு, மூட்டு, குருதிக்குழாய் வரை செல்லக்கூடும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கடும் வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு குருதியில் எதிர்பாராமல் ஏறிவிடலாம். நீரிழப்பும் அதனோடு சேர்ந்து புதிய சிறுநீரகத்தையே தாக்கும்.

கீழ்க்காண்போர் இருக்கும் வீட்டில் செல்லப்பிராணிக்குப் பச்சை இறைச்சி வேண்டாம்:

– சிறுநீரகம், கல்லீரல், எலும்பு மஞ்ஞை ஆகியவற்றின் மாற்று சிகிச்சை பெற்றவர், பெறவிருப்பவர்
– புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்
– டயாலிசிஸ் செய்துகொள்பவர், கல்லீரல் சுருக்க நோயுள்ளவர்
– ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் பிற மருந்துகளோ உட்கொள்பவர்
– எச்.ஐ.வி. தொற்றுள்ளவர், மண்ணீரல் அகற்றப்பட்டவர்
– சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்
– கருவுற்ற பெண், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 65 வயது கடந்தவர்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை நம் நோயாளிகளில் பலர் உட்கொள்கின்றனர். அமிலம் குறைந்தால், உள்ளே வரும் கிருமிகளை அழிக்கும் முதல் அரண் தளர்கிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; நாயின் உணவை மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது?

பச்சை உணவிலிருந்து வெந்த உணவுக்கு ஒரே நாளில் தாவினால் நாய்க்கு வயிறு கெடலாம். ஏழு முதல் பத்து நாள்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நிறுத்திய பிறகும் சில காலம் மலத்தில் கிருமி வெளிவரக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைக்கோ மருந்தேற்றத்துக்கோ நாள் குறித்தவுடனேயே மாற்றத்தைத் தொடங்குவது நன்று.

கடையிலிருந்து வாங்கிய இறைச்சியைக் கழுவாமல் நேரே பாத்திரத்தில் இடுங்கள். கிருமியைக் கொல்வது கொதிநீர். கழுவுவது அதைச் சுற்றிலும் தெறிக்கவே செய்கிறது. நீர் கொதித்த பின் சிறு துண்டுகளைக் குறைந்தது இருபது நிமிடம் வேகவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் சிறிதும் இருத்தலாகாது. குடல், ஈரல், கால், தலை ஆகியவற்றைக் குக்கரில் வேகவைப்பது சிறந்தது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

வெந்த எலும்பைக் கொடுக்காதீர்கள். அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும். எலும்பை நீக்கிவிடுவதால் கால்சியத்தைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். வேகவைத்து உலர்த்திப் பொடித்த முட்டையோடு எளிய வழி. ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. எவ்வளவு சேர்ப்பது என்பதை விலங்கின் எடையையும் வயதையும் கொண்டு கால்நடை மருத்துவர் கூறுவார். சோறும் வெந்த கோழியும் மட்டுமே நெடுநாளைக்குச் சமச்சீர் உணவு ஆகிவிடா என்பதையும் மறவாதீர்கள். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலோ உங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ ஓர் உணவுத் திட்டம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்க நேரமில்லாத வீடுகளில், 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று குறிக்கப்பட்ட வெப்பமூட்டித் தயாரித்த உலர் உணவே போதுமானது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய வேறு சில பழக்கங்கள்:

– நாயின் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வெளியே தனித் தேய்ப்பானால் கழுவி வெயிலில் காயவையுங்கள்.
– நம் ஊர் வெப்பத்தில் ஈரமான உணவு விரைவில் கெடும். அரைமணி நேரத்தில் உண்ணாததை அகற்றிவிடுங்கள்.
– உணவு வைப்பது, மலம் அள்ளுவது ஆகியவற்றை நோயாளி அல்லாத ஒருவர் செய்யட்டும். பின்னர் சோப்பிட்டு இருபது நொடி கை கழுவட்டும்.
– நாய் நோயாளியின் முகத்தையும் புண்ணையும் நக்க விடாதீர்கள். மருந்தேற்றும் குழாய், டயாலிசிஸ் குழாய் உள்ள இடத்தருகே அதை அண்ட விடாதீர்கள்.
– குடற்புழு நீக்கமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறாமல் நடைபெறட்டும்.
– சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட புதிய குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

மேலே கூறிய நோயாளிகளுக்கு 38 டிகிரி செல்சியசுக்கு மேல், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள். குருதி கலந்த வயிற்றுப்போக்கு, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மருந்தை வாந்தியெடுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டில் இருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து உட்கொள்ளாதீர்கள். செல்லப்பிராணிகளுக்கான பச்சை உணவுகளை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், 51 மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் இருந்தன. எந்த மருந்து வேலை செய்யும் என்பதைப் பரிசோதனையே காட்ட முடியும்.

வந்ததும் எங்களிடம் ஒன்றைத் தெரிவியுங்கள்: வீட்டில் என்ன விலங்கு இருக்கிறது, அது என்ன உண்கிறது என்பதை. நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். நாயை அனுப்பிவிடச் சொல்வார்களோ என்ற அச்சத்தால் பலர் இதை மறைக்கின்றனர். அதனால் நோயின் காரணத்தைக் கண்டறிவது தாமதமாகிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய குடும்பத்தினர் அந்த வாரமே நாயின் உணவை மாற்றத் தொடங்கினர். வெளித் திண்ணையில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கினர். அண்ணனுக்கும் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கிக் கூறினாராம் அந்தப் பெண். தந்தைக்கு இப்போது அறுவை சிகிச்சை முடிந்து, மாதந்தோறும் பரிசோதனைக்கு வருகிறார். சென்ற முறை மருந்துப் பட்டியலுக்குக் கீழே, கேட்காமலேயே மகள் ஒரு வரி எழுதி வந்திருந்தார்: "நாய்: வெந்த கோழி, சோறு, பூசணி, முட்டையோட்டுப் பொடி." உங்கள் அடுத்த வருகையில் நீங்களும் அத்தகைய ஒரு வரியை எழுதி வாருங்கள்.